மாடித்தோட்டத் தளை: ஆறு பைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையை எல்லோரும் 'மாடித்தோட்ட கிட்' என்றுதான் சொல்கிறார்கள். 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்தின் தொடர்ச்சி இது. 2021-22இல் 900 ரூபாய் மதிப்புள்ள தளையை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மானியம் 50 சதவீதமாகக் குறைந்ததால் நாம் கொடுக்க வேண்டியது 450 ஆனது. உள்ளே 6 செடி வளர்ப்புப் பைகள், 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி தலா 200 கிராம், 100 மில்லி வேப்ப எண்ணெய் மருந்து, ஒரு கையேடு.

கொடுக்கும் காசுக்கு மேலேயே பொருள் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீடு காய் பறித்துவிட முடியாது. செடிக்குச் சாப்பாடு இதில் கிடையாது. அதைவிட முக்கியமாக, சில பொருள்கள் ஆறு பைக்கு மிக அதிகம், ஒரு பொருள் அறவே இல்லை. அதனால் தனி வீடாக வாங்குவதைவிட, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ தெருவிலோ நான்கைந்து வீடுகள் மாடித்தோட்டக் குழுவாகச் சேர்ந்து வாங்கினால்தான் இந்தத் தளை முழுப் பலன் தரும். ஏன் என்பதைப் பொருள் பொருளாகப் பார்க்கலாம்.

முதலில் நார்க்கழிவு. கடைகளில் கோகோபீட் என்று விற்பதும் இதுதான். 2 கிலோ கட்டியை 10 லிட்டர் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 25 லிட்டர் அளவுக்கு உப்பிவரும். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பை கொள்வது 22 லிட்டர். பைக்கு ஒரு கட்டி என்று கணக்குப் போட்டுத்தான் ஆறு கட்டி வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் அப்படியே கட்டியை ஊறவைத்துப் பையை நிரப்பி விதையைப் போட்டுவிடுகிறார்கள். விதை அழகாக முளைக்கும். மூன்றாவது வாரம் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கும், செடி நின்ற இடத்திலேயே நிற்கும். மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100:1க்கும் மேல். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள், இருக்கும் கொஞ்சநஞ்ச தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மட்கவைக்கும் வேளாண் பல்கலைக்கழக முறையில் இந்த விகிதம் 24:1 வரை இறங்கும். கட்டியாக வருவதை அப்படி மட்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு தொல்லை உப்பு. உவர்நீர் பட்ட மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவாக இருந்தால் இலை ஓரம் கருகும், நாற்று குன்றும். ஊறிய நார்க்கழிவைப் பழைய வேட்டித் துணியிலோ நைலான் வலையிலோ கட்டி, வடியும் நீரின் டீ நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். ஐந்து வீட்டுக் கட்டிகளையும் ஒரே நாளில் ஒரே டிரம்மில் போட்டு அலசினால் தண்ணீரும் மிச்சம். அலசிய நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

மாடிக்கு நின்று விளையும் கலவை, அளவுக் கணக்கில் செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. மேலே 2 அங்குலம் இடம் விட்டு நிரப்பினால் ஒரு பைக்கு நார்க்கழிவு 7 லிட்டருக்கு மேல் போகாது. அப்படியானால் ஆறு பைக்கு 2 கட்டி போதும்! மீதி 4 கட்டி உபரி. இல்லாதது மட்கிய உரம், ஆறு பைக்கு 42 லிட்டர்.

குழுவின் அவசியம் இங்கேதான். ஐந்து வீடுகள் ஆளுக்கொரு தளை வாங்கினால் 30 பை. உரம் மட்டும் 210 லிட்டர் வேண்டும். ஒரு வீட்டில் தினம் அரை கிலோ காய்கறிக் கழிவு விழுகிறது என்று வைத்தால், ஐந்து வீட்டில் மூன்று மாதத்தில் 225 கிலோ. மட்கி முடிந்தபின் கால்பங்குக்குச் சற்று மேல், சுமார் 60 கிலோ மிஞ்சும். அது 100 லிட்டர் அளவு இருக்கும், 14 பைக்கு வரும். மீதியை மண்புழு உரமாகவோ நன்றாக மட்கிய தொழுவுரமாகவோ வெளியில்தான் வாங்க வேண்டும். 'எங்கள் குப்பையிலேயே எல்லாம் ஆகிவிடும்' என்ற பேச்சு முதல் பட்டத்தில், அதாவது முதல் விதைப்புப் பருவத்தில், பலிக்காது. ஆடியில் விதைக்க நினைக்கும் குழு சித்திரையிலேயே கழிவை மட்கவைக்கும் தொட்டியைத் தொடங்கிவிட வேண்டும்.

உபரி நார்க்கட்டிகளுக்கும் இங்கேயே வேலை இருக்கிறது. சமையலறைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகோ உதிர்த்த நார்க்கழிவோ இரண்டு பங்கு என்று அடுக்கினால் தொட்டி நாறாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் நார்க்கழிவு போட்டுக் கிளறிவிடுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிவது சரியான பதம். பருத்த புழுக்கள் நெளிந்தால் மருந்தைத் தேடி ஓட வேண்டாம், அவை கழிவைத் தின்பவை. மூடியை வலைத்துணியால் கட்டினால் போதும். சமைத்த குழம்பு, எண்ணெய், மீன் முள் ஆகியவற்றைப் பொதுத்தொட்டியில் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுவது நல்லது. குடியிருப்புகளில் குழு உடைவது பெரும்பாலும் எலியால்தான்.

உயிர் உரங்கள் இரண்டும் டிரைக்கோடெர்மாவும் தளையிலேயே மதிப்புள்ள பொருள்கள். அதிகம் வீணாகிறவையும் இவைதான். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்; பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைக்கும்; டிரைக்கோடெர்மா வேரழுகல், நாற்றழுகல் பூஞ்சைகளை அடக்கும். தூளாக வரும் இவற்றின் ஆயுள் பொதுவாக ஆறு மாதம். வாங்கும்போதே பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். மொட்டைமாடி ஷெட்டில் வெயில் படும் இடத்தில் வைத்தால் அதற்கும் முன்பே செத்துவிடும். அசோஸ்பைரில்லம் 200 கிராமை 5 கிலோ உரத்தில் கலந்து பைக்கு ஒரு பெரிய கைப்பிடி போட்டால் 30 பைக்குச் சரியாக இருக்கும். பாஸ்போபாக்டீரியாவையும் அதே உரத்திலேயே கலந்துகொள்ளலாம். ஆறு பை மட்டும் வைத்திருப்பவர் முக்கால் பாக்கெட்டைத் தூரப் போடுவார். குழுவில் ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அன்றே தீரும். அடுத்ததை ஒரு மாதம் கழித்து மேலுரத்தோடு பிரிக்கலாம். டிரைக்கோடெர்மா 200 கிராமை 20 கிலோ மட்கிய உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சாக்கால் மூடி இரண்டு வாரம் வைத்தால் பெருகிவிடும். அதன் பிறகுதான் பையில் சேர்ப்பது. இதைக் காப்பர் மருந்து, ரசாயன உரம் எதனோடும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

விதை விஷயத்திலும் இதே கதை. ஒரு கிராம் தக்காளி விதையில் 300க்குக் குறையாமல் இருக்கும், கத்தரியில் 200. உங்களுக்குத் தேவை நாலு செடி. ஐந்து பாக்கெட்டையும் ஒரே வாரத்தில் கிழிக்காமல், ஒரு வீடு தக்காளி நாற்று, ஒரு வீடு கத்தரி, ஒரு வீடு மிளகாய் என்று குழித்தட்டில் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளலாம். மிச்ச விதையை ஈரம் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தக்காளி நாற்று 25 நாளில் எடுத்து நடலாம். கத்தரிக்கு 30 முதல் 35. மிளகாய்க்கு 40 ஆகும். வெண்டை, அவரை, கீரை நேரடி விதைப்புதான், பிடுங்கி நட்டால் வேர் தாங்காது. விதையை ஆறிய வடிகஞ்சியில் டிரைக்கோடெர்மா தூள் குழைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்திப் போட்டால் நாற்றழுகல் குறையும்.

அவரை பாக்கெட் வந்தால் கவனம். பந்தலில் ஏறும் அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் காய் தொங்கும். தையில் போட்டால் மாடி நிறையக் கொடி மட்டும்தான் மிஞ்சும். விதை மோசம் என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் பட்டம் தவறியவர்கள். செடியவரைக்கு இந்தத் தொல்லை இல்லை. பாக்கெட்டில் கலப்பினம் என்றோ எஃப்1 என்றோ இருந்தால் அதிலிருந்து விதை எடுத்துக் குழுவில் பகிர வேண்டாம், அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது.

100 மில்லி வேப்ப மருந்து ஆறு பைக்கு ஒரு பட்டம் முழுக்க வரும். அளவு லேபிளில் உள்ளபடி. வெறும் வேப்ப எண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் சில சொட்டு காதி சோப்புக் கரைசலில் எண்ணெயைக் குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீரைச் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் தனியாக மிதந்து இலையைச் சுட்டுவிடும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை. மாவுப்பூச்சியின் மெழுகை இது துளைக்காது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டுத்தான் மருந்து. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெண்டையில் நரம்பு மஞ்சளாகித் தேமல் வந்துவிட்டால் எந்த மருந்தும் வேண்டாம், செடியைப் பிடுங்கிவிடுங்கள். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

நீர் ஊற்றுவதில் நார்க்கழிவு ஆளை ஏமாற்றும். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே ஈரமாக இருக்கும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுவதே வழி. சொட்டச் சொட்ட ஊற்றினால் சிறு கொசு போன்ற ஈக்கள் மொய்க்கும், தண்டு அடியில் அழுகும். ஏப்ரல், மே வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்பதால் மழை விட்டதும் பைக்கு இரண்டு கைப்பிடி உரமும், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யக் கரைசலும் கொடுக்கலாம்.

பைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பிளாஸ்டிக்தான், நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் நொறுங்கத் தொடங்கும். 'இயற்கை விவசாயம்' என்று பெயர் வைத்துக்கொண்டு மாடியில் பிளாஸ்டிக் தூள் உதிர்ப்பது உறுத்தத்தான் செய்கிறது. உதிரும்முன் எடுத்துவிட்டுப் பழைய பெயின்ட் வாளி, தண்ணீர் கேன் என்று மாறிக்கொள்ளலாம். மண் கலந்து நனைந்த பை 20 கிலோ வரை நிற்கும். ஆள் ஏறும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. முப்பது பையையும் நடுமாடியில் குவிக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி, உத்தரம் ஓடும் வரிசையில், செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். பழைய கட்டடம் என்றால் செம்மண்ணை விட்டுவிட்டு நார்க்கழிவும் உரமும் சரிபாதி.

தளையின் விலையும் மானியமும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், துறையின் இணையதளத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ கேட்டுவிட்டு ஆதார் நகலோடு போங்கள். பெயருக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைப்பதால், குழுவுக்கு வாங்கும்போது ஒருவர் பெயரில் கேட்காமல் வீட்டுக்கு ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கியதும் உயிர் உரங்களையும் டிரைக்கோடெர்மாவையும் நிழலுக்கு எடுத்துப் போய்விட்டு, கட்டிகளை நனையாமல் அடுக்குங்கள். காய்ந்திருக்கும்வரை கட்டிகள் கெடுவதில்லை, அடுத்த பட்டத்துக்கும் வரும்.