மாணவர் நுண்ணோக்கியும் ஸ்லைடு பெட்டியும்: அமீபாவைப் பார்க்க வாங்கலாமா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக, 40, 100, 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மாணவர் நுண்ணோக்கி ஒன்றையும், அதோடு விற்கப்பட்ட 25 ஸ்லைடுகள் கொண்ட பெட்டியையும் இணையக் கடை ஒன்றில் வாங்கி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். நுண்ணோக்கியைத் தயங்காமல் வாங்கலாம். பெட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அமீபா என்று பெயர் ஒட்டிய ஸ்லைடில் இருப்பது சாயமேற்றிய இளஞ்சிவப்புத் திட்டுதான். உட்கரு தெளிவாகத் தெரிகிறது என்றாலும், அமீபாவுக்கு நிலையான உருவம் கிடையாது என்று பாடத்தில் படித்த பிள்ளைக்கு, அது ஒரே உருவத்தில் உறைந்து கிடப்பதைக் காட்டி என்ன பயன்?

ஆகவே குளத்து நீரில் மட்கிய இலைகளையும் வேகவைத்த கோதுமை மணிகள் நான்கைந்தையும் இட்டு, நிழலில் பத்து நாள் வைத்தோம். தானியத்தால் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சிற்றுயிர்கள் பெருகுகின்றன. இரண்டையும் இரையாக்கி அமீபா வளர்கிறது. அடிவண்டலில் ஒரு சொட்டு எடுத்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் நசுக்கிவிடாதபடி இடையில் ஒரு தலைமுடியை வைத்து, 100 மடங்கில் பார்த்தோம். கண்ணாடி போன்ற உடல் என்பதால், ஒளி வரும் துளையின் அளவை மாற்றும் டயாபிரத்தை ஒடுக்கி ஒளியைக் குறைத்தால்தான் விளிம்பு துலங்குகிறது. இந்தக் கருவியில் டயாபிரம் சீராக இயங்குவது பெரிய பலம். விளிம்பில் தெளிந்த புடைப்பு ஒன்று தோன்றி, மணிமணியான உட்குழம்பு அதற்குள் பாய்ந்து, அமீபா நகர உதவும் போலிக்காலாக நீண்டதையும், சுருங்கும் நுண்குமிழ் மெல்லப் பருத்துச் சட்டென மறைந்ததையும் மகள் மூச்சடக்கிப் பார்த்தாள். நன்னீர் உடலுக்குள் ஓயாமல் புகுவதால், மிகுதியை இப்படி வெளியேற்றாவிட்டால் அந்த உயிர் பிழைக்காது.

தோட்டத்து மண்ணில் வாழும் அமீபாக்கள் இதைவிட மிகச் சிறியவை. ஆனால் பயிருக்கு அவை செய்யும் உதவி பெரிது. பாக்டீரியாக்களின் உடலில் அடைபட்டிருக்கும் நைட்ரஜனில் தமக்கு வேண்டியது போக எஞ்சியதை அவை அம்மோனியமாக வெளிவிட, வேர் அதை எடுத்துக்கொள்கிறது. அவற்றைக் காண 400 மடங்கு தேவை. எங்கள் கருவியின் குறை தெரிந்ததும் அங்கேதான். குவியத்தை நுட்பமாகச் சரிசெய்யும் நுண் திருகு தளர்ந்து, குவியம் தானாக நழுவுகிறது. மாற்றித் தரக் கேட்டும் கடையிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் 400 மடங்கில் வைத்து அந்தத் திருகைச் சோதித்துவிடுங்கள்.