மருந்துவாழ் மலையில் பாஸ், பரளியாற்றில் ஃபெயில்: என் டிரெயில் ஷூ பற்றி

ஜனவரியில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு டிரெயில் ஷூ வாங்கினேன். ஆன்லைனில்தான். அதற்கு முன்னால் நாகர்கோவிலில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருந்த பையன் நான் "டிரெயில் ஷூ" என்றதைக் கேட்டுவிட்டு, "டிரையல் பாக்கணும்னா இங்கேயே போட்டு நடந்து பாருங்க சார்" என்றான். அவன்மேல் தப்பில்லை, நம்மூரில் இதை யார் கேட்டு வாங்குகிறார்கள்? ரோட்டில் ஓடுகிற ஷூ வேண்டிய மட்டும் கிடைக்கிறது. மலைப்பாறையிலும் சானல் (கால்வாய்) கரையிலும் ரப்பர் தோட்டத்திலும் ஓடுவதற்கு என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். ஓடுகிற இடத்துக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை.

செப்டம்பர் வரை இதில் 430 கிலோமீட்டர் ஓடியாயிற்று, எல்லாமே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள். கம்பெனி பெயரைப் போடவில்லை. என் கைக்கு வந்த ஒரு ஜோடியை வைத்து ஒரு பிராண்டையே கழுவி ஊற்ற எனக்கு மனமில்லை. தவிர, பெயரைவிட அளவுகள்தான் உங்களுக்கு உதவும். அடியில் பட்டன் 4 மில்லிமீட்டர் (டயருக்குச் சொல்கிற அதே பட்டன்தான்), குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 6 மில்லிமீட்டர், ஒரு காலுக்கு 300 கிராம் சொச்சம், மேலே வலைத்துணி, விரல் பக்கம் கெட்டி ரப்பர். வாட்டர் ப்ரூஃப் கிடையாது, அதுவும் வேண்டுமென்றே எடுத்ததுதான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் மருந்துவாழ் மலை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் பொற்றையடிப் பக்கம் இருக்கிறது, அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது பிய்ந்து விழுந்த துண்டு என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆரம்பத்தில் படி, அப்புறம் பாறை, அப்புறம் பாறைக்கு நடுவே வழி என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டிய ஒன்று. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வரைக்கும் நிறையப் பேர் வருவார்கள். முழுக்க ஓடி ஏற முடியாது, கால்வாசி ஓட்டம், மீதி கையை முட்டியில் ஊன்றி நடைதான். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வயல், தென்னை, குளம், தூரத்தில் காற்றாலைகள். ஆடியில் போனால் காற்று ஆளைத் தள்ளும், தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இந்தக் காய்ந்த கருங்கல்லில் ஷூ அருமை. சரிவான பாறையில் முழுப்பாதத்தையும் பதித்து நின்றால் பல்லி மாதிரி பிடிக்கிறது. இரண்டு தடவை கூர்க்கல்லில் விரலை முட்டினேன், முன்னால் இருக்கிற ரப்பர் காப்பாற்றியது. ஆனால் இறங்கும்போது பாதம் முன்னால் வழுகி நகம் இடித்து, பெருவிரல் நகம் கறுத்துப்போனது. தப்பு பாதி என்னுடையது, ரோட்டு ஷூ எந்த அளவோ அதையே வாங்கிவிட்டேன். அரை சைஸ் கூட்டி வாங்குங்கள். மீதிக்கு வைத்தியம் லேஸ்தான். கணுக்கால் ஓரமாகக் கடைசியில் ஒரு ஓட்டை சும்மா இருக்குமே, எதற்கு என்று தெரியாமல் நாம் விட்டுவிடுவோமே, அதற்குள் லேஸை அந்தந்தப் பக்கமே திருப்பி விட்டு ஒரு வளையம் வைத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கிக் கட்டினால் குதிகால் அசையாது. இதைப் பழகின பிறகு நகம் போகவில்லை.

அடுத்தது ரப்பர் தோட்டம். குலசேகரம், பொன்மனை, திற்பரப்பு வட்டாரத்தில் குன்றும் இறக்கமுமாகத் தோட்டத்து வழிகள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் எங்காவது ஒரு ஓடையிலோ கோதையாற்றின் கரையிலோ கொண்டுபோய் விடும். நான் விடியற்காலை நாலரைக்குத் தொடங்குவேன். தலையில் லைட் கட்டிக்கொண்டு ஓடினால் எதிரே இன்னொரு லைட் வரும், அது பால் வெட்டுகிறவருடையது. பொன்மனைப் பக்கம் ஒருநாள் அப்படி எதிரே வந்தவர் என் தலை லைட்டைப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டத்துல வெட்டு?" என்று கேட்டார். சும்மா ஓட வந்தேன் அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "செரட்டையத் தட்டிராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். உண்மையிலேயே கவனம் வேண்டிய விஷயம் அது. எல்லாம் ஒருத்தருடைய சொத்து, மரத்துக்கு மரம் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும், கேட்டுவிட்டு, வழியை விட்டு விலகாமல் ஓடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிரும், வழியெல்லாம் மெத்தை மாதிரி இருக்கும், கீழே குழி இருப்பது மட்டும் தெரியாது. தென்மேற்குப் பருவமழை முடிகிற நேரத்தில் காய் வெடிக்கும். யாரோ கல்லெறிந்த மாதிரி மேலே டப்பென்று சத்தம், அடுத்த நொடி கோலிக்குண்டு கணக்காகக் கொட்டை வந்து விழும். இறக்கத்தில் அதை மிதித்தால் எந்த ஷூவும் உதவாது. காய்ந்த செம்மண் சரளையில் இந்த ஷூ சுமார் ரகம், மழை பெய்து மண் களியானால் மோசம். பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் இடையில் அப்பிய மண் விழமாட்டேன் என்கிறது, நூறு அடி போவதற்குள் ஒவ்வொரு காலிலும் அரை கிலோ செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற கதைதான். சேற்றில் மட்டும் ஓடுகிறவர் என்றால் பட்டன் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் உயரமும் இடைவெளி அகலமும் உள்ளதைப் பாருங்கள். ஆனால் அதே ஷூவைக் கொண்டுபோய் மருந்துவாழ் மலைப் பாறையில் வைத்தால் ஆணி மேல் நிற்கிற மாதிரி இருக்கும். நம்மூர்ச் சிக்கலே இதுதான், பத்து கிலோமீட்டருக்குள் பாறை, களி, மணல், தார் எல்லாம் வந்துவிடும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சொல்லாமல் எப்படி? எனக்கு மாவட்டத்திலேயே பிடித்த ஓட்டம் அதுதான். திருவட்டாறில் வண்டியை விட்டுவிட்டு ஊர் வழியாகவும் சானல் கரை வழியாகவும் போனால் பாலத்துக்கு வந்துவிடலாம். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குச் சானல் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் கட்டியது, 28 தூண், 115 அடி உயரம், கீழே பரளியாறு. காலை ஆறரைக்குப் போனால் கூட்டம் இருக்காது. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் ஓடும்போது தென்னை, ரப்பர் மரங்களின் உச்சியெல்லாம் காலுக்குக் கீழே இருக்கும். உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் கைப்பிடியைப் பார்க்காமல் முன்னால் பார்த்து ஓடுவது நல்லது, நான் அப்படித்தான். பாலம் தாண்டித் திரும்பி வந்து படிக்கட்டில் ஆற்றுக்கு இறங்கி ஏறினால் தொடை கெஞ்சும்.

நான் விழுந்ததும் அங்கேதான். ஜூன் கடைசி. ஆற்றோரக் கல்லில் தாவித் தாவி அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அந்தக் கல்லுல சவுட்டாத மக்களே, பாசி!" என்று கத்தி முடிப்பதற்குள் நான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். முட்டியில் தோல் போனது. போன் பிழைத்தது, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். அந்த அம்மா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

காய்ந்த கல்லில் பல்லியாக இருந்த அதே ரப்பர் பாசிக்கல்லில் சோப்பு. விளம்பரத்தில் ஈரத்திலும் பிடிக்கும் என்று போட்டிருந்தான். மழையில் நனைந்த சுத்தமான பாறையில் ஓரளவு பிடிக்கத்தான் செய்கிறது, பொய் இல்லை. ஆனால் பாசி என்பது கல்லுக்கும் ஷூவுக்கும் நடுவில் இருக்கிற கொழகொழப்பு, ரப்பர் கல்லைத் தொட்டால்தானே பிடிக்கும். ஆகவே ஆற்றோரம் ஓடுகிறவர்கள் எந்த விலை ஷூ போட்டாலும் பாசியில் நடந்து போங்கள், முடிந்தால் மணலிலோ தண்ணீருக்குள்ளோ காலை வையுங்கள்.

அன்றைக்குத்தான் வாட்டர் ப்ரூஃப் வாங்காததன் அருமை தெரிந்தது. நம்முடைய மழைக்கும் ஆற்றுக்கும் தண்ணீர் மேல்வழியாக, கணுக்காலோடுதான் உள்ளே வரும், வந்தது வெளியே போக வழி வேண்டாமா? வாட்டர் ப்ரூஃப் ஷூ அதை வாளி மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் வலைத்துணி ஷூவில் பத்து நிமிட ஓட்டத்தில் சளக் சளக் சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து உள்பட்டையை எடுத்துவிட்டு, பழைய தினத்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, ஃபேனுக்குக் கீழே வைத்தால் மறுநாள் காலையில் தயார். வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். (என்னுடையது நிழலில் வைத்தும் விட்டது, அது வேறு கதை.)

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் இரண்டே தடவை. காடு, யானை நடமாட்டம் உள்ள இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது, விடியற்காலை இருட்டில் தனியாக ஓடுகிற இடமும் அல்ல. மழை நாளில் அட்டை ஏறும். ஷூவின் நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் தைத்து மூடியிருந்ததால் சிறு கல் உள்ளே வரவில்லை, அட்டைக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? சாக்ஸுக்கு மேல் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது. பையில் கொஞ்சம் உப்பு இருந்தால் போதும்.

இந்த ஷூவை என் அத்தான் முதல் நாளே ஒரு பார்வை பார்த்தார். பல வருஷம் சிவாலய ஓட்டம் ஓடியவர். தெரியாதவர்களுக்கு: மகா சிவராத்திரியை ஒட்டி முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடிகிற ஓட்டம், 12 சிவன் கோயில்கள், 100 கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்து, கையில் விசிறியோடு, சிவன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடுவார்கள். திக்குறிச்சியில் குழித்துறைத் தாமிரபரணிக் கரை, திற்பரப்பில் கோதையாறு, பொன்மனைப் பக்கம் ரப்பர் மேடு என்று நான் மேலே சொன்ன நிலமெல்லாம் அதில் வந்துவிடும். எல்லாம் வெறுங்காலில். இப்போது பைக்கிலும் வேனிலும் சுற்றி வருகிறவர்கள் நிறைய, ஓடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அத்தான் ஷூவை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஆறாயிரத்து ஐந்நூறா? சிவாலயம் ஓடுகதுக்கு விசிறிதாண்டே வாங்கணும்" என்றார். வெறுங்கால் நல்லதா ஷூ நல்லதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, எனக்குப் பாதம் பூப்போன்றது, ஷூ இல்லாமல் சரளையில் பத்தடி ஆகாது.

சரி, குறைக்கு வருகிறேன். ஐந்தாவது மாதம், 300 கிலோமீட்டர் தாண்டினதும் வலது ஷூவின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேராக, அடிப்பாகம் வாயைப் பிளந்தது. முதலில் நகம் போகிற இடைவெளி, பத்து நாளில் விரலே போகும். விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று பேர் மூன்று பெயரில் வருந்தினார்கள், கடைசியில் தண்ணீரில் பயன்படுத்தியதற்கு வாரண்டி இல்லை என்று முடித்துவிட்டார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் என்று விற்கிற ஷூ தண்ணீரில் படக்கூடாதாம்!

தக்கலையில் பழைய செருப்புத் தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிளந்த இடத்தை விரலால் நெம்பி, உள்ளே இருந்த காய்ந்த பசையை ஊசியின் முனையால் சுரண்டி எடுத்துக் காட்டினார். மஞ்சளாகச் சோன்பப்டி மாதிரி உதிர்ந்தது. "வெறும் ஒட்டுதான் சாரே, ஒரு தையல்கூட இல்ல." சுரண்டி, பசை போட்டு, காயவைத்து, அதற்குமேல் கறுப்பு நைலான் நூலால் சுற்றிலும் தைத்தார். இன்னொரு காலையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள் என்றேன். இரண்டுக்கும் 160 ரூபாய், அரை மணி நேரம். அதற்குப் பிறகு 120 கிலோமீட்டர் ஓடியாயிற்று, நூல் ஓரிடத்தில்கூட விடவில்லை. ஒரே தொந்தரவு, ஒட்டுப்புல் விதையெல்லாம் அந்த நூலில் வந்து மாட்டிக்கொள்கிறது.

வாங்கலாமா என்றால், மருந்துவாழ் மலையும் சானல் கரையும்தான் உங்கள் ஓட்டம் என்றால் இந்த மாதிரி 4 மில்லிமீட்டர் பட்டன், வலைத்துணி ஷூ போதும், வேறு யோசிக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் மழையிலும் ஓடுவேன் என்கிறவர்களுக்கு இது ஆகாது. வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடித்தான் மலைக்குப் போகவேண்டும் என்றால் இன்னும் யோசியுங்கள், தார் ரோடு பட்டனைத் தின்றுவிடும், என்னுடையதில் குதிகால் பக்கம் பாதி போய்விட்டது. நான் இப்போது பொற்றையடி வரை பைக்கில் போய், அங்கே ஷூ மாற்றுகிறேன். விலை 5,000-க்குக் கீழே வந்தால் இதே மாதிரி இன்னொன்று வாங்குவேன், பெட்டியைப் பிரித்ததும் நேராகத் தக்கலைக்குக் கொண்டுபோய் 160 ரூபாய் கொடுத்துத் தைத்துவிட்டுத்தான் காலில் போடுவேன்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஓட்டத்துக்கு நடுவில் சாப்பிட ஜெல் பாக்கெட் எல்லாம் வாங்கிப் பார்த்தேன், ஒன்று நூறு ரூபாய்க்கு மேல், வாயெல்லாம் பிசின். நம்மூர் வாழைப்பழமான மட்டிப்பழம் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வேறு வாங்கிவிட்டது. சின்னப் பழம், இரண்டு கடியில் முடிந்துவிடும், தோலைப் பையிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள்.