பக்கத்து வீட்டுத் தகராறு: மறைத்து விற்பதா, சொல்லி விற்பதா, தீர்த்துவிட்டு விற்பதா?

வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் புரோக்கர் தரும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: "பக்கத்து வீட்டுக்காரர் கதையெல்லாம் எடுக்காதீங்க சார், பார்ட்டி ஓடிடும்." காம்பவுண்டுச் சுவர் அரை அடி தள்ளி நிற்கும். மொட்டைமாடித் தண்ணீர் நம் பக்கம் கொட்டும். பொதுப்பாதையை மறித்து கார் நிற்கும். இதில் ஏதாவது ஒன்று இல்லாத தெரு உண்டா?

மறைத்து விற்பது சுலபமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். காவல் நிலையத்தில் கொடுத்த புகார், ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கிய காகிதம் எதுவும் அதில் இருக்காது. ஆனால் வாங்க வருகிறவர் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசினாலே போதும். அதற்குக்கூட அவசியமில்லாமல், அவர் வந்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து பக்கத்து வீட்டம்மாவே சுவருக்கு மேல் எட்டிப்பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்.

சட்டமும் மறைப்பவருக்குச் சாதகமாக இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55: சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதையே மோசடியாக அந்தப் பிரிவு கருதுகிறது. எல்லை, வழிப்பாதை, வடிகால் தகராறுகள் இதற்குள் வந்துவிடக்கூடியவை. எதிர்வீட்டு நாய் இரவெல்லாம் குரைப்பது வருமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். இங்கிலாந்தில் விற்பவர் நிரப்பும் சொத்து விவரப் படிவத்தில் அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா என்ற கேள்வியே இருக்கிறது. இங்கே அப்படியொரு படிவம் இல்லை. ஆனால் வாங்குபவர் நேராகக் கேட்டு, நீங்கள் தெரிந்தே பொய் சொன்னால் அது வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டப்படி அவர் பேரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

இன்னொன்று, நம் கிரயப் பத்திரங்களில் வழக்கமாக வரும் வரி: எவ்வித வில்லங்க விவகாரமும் இல்லை, பின்னால் ஏதும் வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் கட்டி வாங்கியவர் அந்த வரியை மறக்க மாட்டார்.

சொல்லி விற்பதில் நஷ்டம் விலையில்தான். பேரம் இறங்கும், சிலர் திரும்பி வரமாட்டார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டப் போகிறவருக்கு மாடித் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை என்பதும் உண்மை. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள், கிரய ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நாளைக்கு யார் ஒப்புக்கொள்வார்கள்? நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் இதில் யோசிக்கவே இடமில்லை. சொத்து மாற்றச் சட்டத்தின் பிரிவு 52படி அந்த வழக்கின் தீர்ப்பு, வீட்டை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

எல்லைத் தகராறு என்றால் என் ஓட்டு தீர்த்துவிட்டு விற்பதற்குத்தான். நில அளவைக்கு விண்ணப்பித்து, பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கும்போதே சர்வேயர் அளந்து கல் நட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். இரு தரப்பும் ஒத்துவந்தால் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, அங்கே ஆகும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மாதக்கணக்கில் இழுக்கும் என்பது ஒரு குறை. நீங்கள் விற்கப் போவது தெரிந்துவிட்டால், அரை அடி கேட்டவர் ஒரு அடி கேட்பார் என்பது அதைவிடப் பெரிய குறை.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒரு வழி: அவருக்கே விற்பது. அந்த அரை அடி மேல் அவ்வளவு ஆசை உள்ளவருக்கு மொத்த மனையும் கசக்குமா என்ன? குறைத்துத்தான் கேட்பார், நமக்கும் ரோஷம் வரும். அதனால் நேரில் பேசாமல் இருவருக்கும் பொதுவான ஒருவரை அனுப்புங்கள். விலை ஒத்துவந்தால் சர்வேயருக்குக் கட்டும் பணமும் மிச்சம்.