டிக்கியா என்று நம்பி வாங்கினேன், பூத்தபோது தெரிந்தது

அரிய செடி சேர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் 'டிக்கியா டிஸ்டாக்கியா' என்று சொல்லி ஒரு செடி வாங்கினேன். அன்னாசிக் குடும்பம். தென் பிரேசிலில் யுருகுவே ஆற்றோரப் பாறைகளில், வெள்ளத்தில் முங்கியும் வெயிலில் காய்ந்தும் வளர்கிற செடி. நீர்மின் அணைகள் வந்ததில் அதன் இருப்பிடங்கள் பெருமளவு தண்ணீருக்குள் போய்விட்டன. "அணை நிரம்புவதற்கு முன் பாறையிலிருந்து எடுத்த தாய்ச்செடியின் கன்று" என்றார். கதையில் உருகிவிட்டேன். எந்த இடம், யார் எடுத்தது, அனுமதி உண்டா, எதையும் கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

வெள்ளி பூசின மாதிரி இலை, ஓரமெல்லாம் கொக்கி முள். படத்தில் பார்த்தது போலவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

போன மாதம் பக்கவாட்டில் பூத்தண்டு வந்தது. டிக்கியாவுக்குத் தண்டு அப்படித்தான் வரும் என்று துள்ளிக் குதித்தேன். அதே அன்னாசிக் குடும்பத்தில் இன்னொரு இனமான ஹெக்டியாவிலும் பல வகைகளுக்கு அப்படித்தான் வரும் என்பது அப்போது உறைக்கவில்லை. பூ விரிந்ததும் விஷயம் வெளுத்துவிட்டது. டிக்கியாவின் பூ மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கும். என்னுடையதில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள், எல்லாவற்றிலும் மகரந்தம் மட்டும், சூலகம் பேருக்கு ஒரு துளி. ஆண் செடி தனி, பெண் செடி தனி என்று இருப்பது ஹெக்டியா. அதன் ஊர் பெரும்பாலும் மெக்சிகோ. யுருகுவே ஆறு எங்கே, மெக்சிகோ எங்கே!

விற்றவரைக் கேட்டால், "ரெண்டும் ஒரே குடும்பம்தானே, பார்க்கவும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்கிறார். நெல்லும் மூங்கிலும்கூட ஒரே குடும்பம்தான். பணம் திருப்பிக் கேட்டதோடு பேச்சு நின்றுபோனது.

இப்போது அவரே 'ஆப்பிரிக்கப் பாறை டிக்கியா' என்று புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இந்தக் குடும்பத்தில் இயற்கையாக வளர்வது ஒரே ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டுப் பாறைகளில் இருக்கும் பிட்கேர்னியா ஃபெலிசியானா. அது டிக்கியாவே இல்லை. யாராவது அதற்குப் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், முதலில் விரிந்த பூவின் படத்தையும் செடி எடுத்த இடத்தையும் கேளுங்கள். முள்ளையும் இலையையும் மட்டும் காட்டினால் விட்டுவிடுங்கள்.

என் தொட்டியில் பெயர்ச்சீட்டை மாற்றிவிட்டேன்: 'ஹெக்டியா, ஆண், ஊர் தெரியாது.'