போயா மினுக்கு லைட்: திருகில்லாத மூடி நம் கடலுக்குத் தாங்குமா?

இரவில் விரித்த வலையின் முனைப் போயாவில் (மிதவையில்) கட்டுவதற்கு, சோலார் வைத்து நிரந்தரமாக மூடிய மினுக்கு லைட் பாம்பன், மண்டபம் பக்கம் இப்போது நிறையப் புழங்குகிறது. திருகு கிடையாது, பசை கிடையாது. மேல்மூடி ஒருமுறை ‘டக்’கென்று விழுந்தால் பிறகு திறக்காது. வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைட் சாவது மூடியில்தான் என்பதால் மூடியைப் பற்றியே இங்கே பேச்சு.

நிரந்தரமாக மூடியது சரியான முடிவு. திருகு வைத்த பழைய வகையில் இரும்புத் திருகு உப்பில் துருப்பிடித்து வீங்கும், அது இறங்கும் பிளாஸ்டிக் தூண் பிளக்கும். போதாததற்கு, திறந்து பார்த்தவர் ஓ-ரிங்கை, அதாவது தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, ஒரு மணல் துகளோடு திரும்ப வைத்து மூடினாலும் போதும், உள்ளே தண்ணீர்தான்.

இந்த லைட்டின் அடிப்பாகம் ஏபிஎஸ், மூடி பாலிகார்பனேட், இரண்டும் பிளாஸ்டிக் வகைகள்; சுவர் 1.5 மி.மீ. அடிப்பாகத்தில் நான்கு கொக்கி, மூடியில் அவை விழுந்து மாட்ட நான்கு ஜன்னல். கொக்கியின் முன்பக்கம் சுமார் 30 பாகை சரிவு, அதனால் கையழுத்தத்திலேயே ஏறிவிடுகிறது. பின்முகம் நேராக 90 பாகை. பூட்டு திரும்பாமல் நிற்பது இந்த நேர்முகத்தால்தான். ஜன்னல்கள் ஓ-ரிங்குக்கு வெளியே இருப்பதால் அவை வழியாகத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. இந்த அளவுக்கு நல்ல வேலை.

கோளாறு கொக்கியின் நீளத்தில் ஆரம்பிக்கிறது. நீளம் 6 மி.மீ., தடிமன் 1.2, பூட்டும்போது வளைய வேண்டியது 0.8. தடிமனையும் வளைவையும் 1.5-ஐயும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கொக்கியின் அடியில் பிளாஸ்டிக் எவ்வளவு இழுபடுகிறது என்பது கிடைக்கும்: 4 சதவீதம். ஒரே ஒரு தடவை பூட்டுவதற்கு பாலிகார்பனேட் இதைத் தாங்கும். கொக்கி இருப்பதோ ஏபிஎஸ்ஸில், அதற்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் கணக்குப் போட வேண்டும். கொக்கியின் அடியை விளக்கில் பிடித்துப் பாருங்கள், வெள்ளையாக ஒரு கோடு தெரியும். பிளாஸ்டிக் அங்கே ஏற்கெனவே நைந்துவிட்டது. நீளத்தை 9 மி.மீ. ஆக்கியிருந்தால் 1.8 சதவீதத்துக்கு வந்திருக்கும். நுனியை அடியில் பாதித் தடிமனாக மெலிய விட்டிருந்தால் இன்னும் இறங்கி 1.1. அடிமூலையையும் கூர்மையாக விட்டிருக்கிறார்கள். அதை 0.6 மி.மீ. ஆரத்தில் உருட்டி விட்டிருந்தால் இழுவிசை ஒரே புள்ளியில் குவியாது.

இதைவிடப் பெரிய பிழை ஓ-ரிங் உட்காரும் இடம். மூடியின் முகத்துக்கு அடியில் அது நசுங்கி இருக்கிறது. நசுங்கிய ரப்பர் மூடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் பாரம் முழுவதும் நான்கு கொக்கிக்குத்தான். பூட்டிய பிறகு கொக்கி பாரமில்லாமல் இளைப்பாற வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. பாரம் நீடித்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நீளும், சூட்டில் வேகமாக நீளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் லைட்டுக்கு நடப்பது அதுதான். அந்த இழுவிசையோடு டீசலோ கிரீஸோ பட்டால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டிலுமே நுண்வெடிப்பு வரும். ஓ-ரிங்கை மூடியின் பக்கவாட்டுச் சுவருக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைத்திருந்தால் ரப்பர் பக்கவாட்டில் மட்டும் நசுங்கும், கொக்கிக்கு வேலையே இருக்காது. பூட்டில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் ஒழுகாது.

வெயிலில் கிடந்து 60 டிகிரி சூடான லைட்டை 28 டிகிரி கடலில் போட்டால் உள்காற்று சுருங்கி அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அது ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தம். லைட் மேலேயே மிதந்தாலும் தண்ணீர் உறிஞ்சுவது இதனால்தான்.

ஜன்னலுக்கு மேலே உள்ள பட்டையில் மயிரிழைபோல ஒரு கோடு இருக்கும். உருகிய பிளாஸ்டிக் ஜன்னலின் இரு பக்கமும் பிரிந்து ஓடி மறுபடி சேர்ந்த இடம் அது. அங்கே பலம் குறைவு. பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, ஜன்னலின் இரு பக்கமும் முட்டாக விலாப் பட்டை கொடுத்திருந்தால் மெல்லிய சுவர் வெளியே பிதுங்காது, கொக்கியின் பிடியும் குறையாது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் நான்கு கொக்கியையும் பாருங்கள். ஒன்றில் வெள்ளைக் கோடு தடிப்பாக இருந்தாலும் வேறு எடுங்கள். மூடியைக் கட்டைவிரலால் நெம்பும்போது ஒரு மூலை மட்டும் தூக்கினால் அந்தக் கொக்கி முழுதாக விழவில்லை. வீட்டில் அரை மணி நேரம் வெயிலில் வைத்து, உடனே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வையுங்கள். மூடிக்குள் பனி படர்ந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தேறிய லைட்டுக்கு, மூடி சேரும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சுற்றிலும் எபாக்சிப் பசை மெலிதாகப் பூசுங்கள். எப்படியும் திறக்கப்போவதில்லை, கொக்கி தளர்ந்தாலும் மூடி எழும்பாது. சோலார் தகட்டின் மேல் மட்டும் பட்டுவிடக் கூடாது.