18,500 ரூபாய்க்கு வாங்கிய ரெசின் மாருத்: பெட்டியில் இருந்தது நகல்

ரெசினில் (மோல்டில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வார்த்த பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானக் கிட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதிலும் முதல் முறை வாங்குபவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. போன பணத்தைவிட, யாருக்காக வாங்கினேனோ அவர் கையாலேயே அது போலி என்று தெரிந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா பெங்களூர் எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தவர். 1966இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 21 வயது. எச்.ஏ.எல். தயாரித்த போர் விமானமான எச்எஃப்-24 மாருத் அப்போது உற்பத்தியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானமான ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் 1956இல் பெங்களூருக்கு வந்து வடிவமைத்துக் கொடுத்த விமானம் அது. முதலில் பறந்தது 1961 ஜூன் 17. எல்லாம் சேர்த்து 147தான் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் பறந்தது, 1990இல் ஓய்வு பெற்றது. அப்பாவுக்கு அதெல்லாம் வரலாறு இல்லை, தினமும் போய் வந்த இடம். கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைப் பார்க்கப் போனால், அரை மணி நேரம் அதன் கீழேயே நின்றுகொண்டிருப்பார்.

அவருக்கு எண்பது நிறைந்ததும், இருவரும் சேர்ந்து ஒரு மாருத் செய்யலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக பிளாஸ்டிக் கிட் செய்கிறேன், ரெசினில் அவ்வளவு அனுபவம் இல்லை. ஐரோப்பாவில் ஒரு சிறிய பட்டறை 1/48 அளவில் (நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு) ரெசினில் வார்த்த மாருத் ஒன்றை விற்றிருந்தது. நான் தேடியபோது கையிருப்பு தீர்ந்திருந்தது. அப்போதுதான் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் ஒரு விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. இந்தியாவிலேயே இருக்கிறது, கடைசிப் பெட்டி, சுங்க வரித் தொல்லை இல்லை. பெட்டியின் படம், பாகங்களின் படம் எல்லாம் இருந்தன. “தளம் வழியாக வாங்கினால் கமிஷன் போய்விடும் சிஸ்டர், நேரடியாக யூபிஐயில் போட்டால் ஆயிரத்தைந்நூறு குறைத்துக்கொள்கிறேன்” என்றார். போட்டேன். முதல் தவறு அதுதான். தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தபின், திருப்பிக் கொடுக்கும் விதிகள் எதுவும் நமக்கு உதவாது.

ஒன்பது நாளில் பெட்டி வந்தது. அப்பா காலையிலேயே சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய வேட்டி ஒன்றை விரித்துவைத்திருந்தார். சின்ன பாகங்கள் உருண்டு ஓடாமல் இருக்கத்தான் அந்த வேட்டி.

மேல் மூடியில் இருந்த படம் வண்ணப் பிரின்டர் தாளை ஒட்டியது போலிருந்தது. சிறிய பட்டறைகள் அப்படி அனுப்புவது உண்டு, அதனால் நான் சந்தேகப்படவில்லை. உள்ளே எல்லாப் பாகங்களும் ஒரே பையில் கிடந்தன. நல்ல ரெசின் கிட்டில் உடல், இறக்கை, காக்பிட் எல்லாம் தனித்தனிப் பையில் வரும். ரெசின் கடினமானது, ஆனால் எளிதில் உடையும். ஒரே பையில் போட்டால் கனமான பாகம் மெல்லிய பாகத்தை உடைத்துவிடும். மூக்கு முனையில் காற்றின் வேகம் அளக்கும் மெல்லிய பிட்டோ குழாய் மூன்று துண்டாக இருந்தது.

அப்புறம் செய்முறைத் தாள். ஜெராக்ஸ்தான், அதுவும் பரவாயில்லை. ஆனால் முதல் பக்கத்தில் 4, 5, 9 ஆகிய பாக எண்களுக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் டிக் போட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், அந்த டிக்கும் ஜெராக்ஸ்தான். யாரோ ஒருவர் தன் அசல் கிட்டைச் செய்யத் தொடங்கி, பாகங்களைச் சரிபார்த்து டிக் போட்ட தாளின் நகல் என் கையில் இருந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுத்திருக்க வேண்டும். அப்பா எதிரே உட்கார்ந்திருந்ததால் நான் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்தேன்.

வழக்கம்போலப் பாகங்களைக் கழுவினோம். மோல்டிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவும் எண்ணெய்ப் பூச்சு ரெசின் மேல் தங்கிவிடும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். கழுவிக் காயவைத்தபோது வலது இறக்கையின் பின் விளிம்பில் குண்டூசித் தலை அளவில் பத்துப் பதினைந்து காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பேனல் கோடுகள் சில இடங்களில் மழுங்கியிருந்தன. இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களின் புகைபோக்கிகளும் வட்டமாக இல்லை, முட்டை வடிவம். உடலின் அடிப்பக்கம் ஒரு இடத்தில் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. ரெசினின் இரண்டு திரவங்களும் சரியான விகிதத்தில் கலக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும். அந்த இடம் பிறகும் காய்வதில்லை, பெயின்டையும் ஏற்பதில்லை.

அப்பா அதுவரை பேசவில்லை. அலமாரியிலிருந்து நுண்ணளவு எடுக்கும் தன் வெர்னியரை எடுத்து வந்தார். இறக்கைகளை உடலோடு ஒட்டாமல் வைத்துப் பொருத்தி, முனைக்கு முனை அளந்தார். வெர்னியர் அவ்வளவு நீளம் போகாது, அதனால் எஃகு ஸ்கேலில் வைத்து ஓரத்தை மட்டும் வெர்னியரில் பார்த்தார்.

“ஏம்மா, இது எந்த ஸ்கேல்னு சொன்னே?”

“நாற்பத்தெட்டில் ஒன்று, அப்பா.”

“அப்ப நூத்தி எண்பத்தி ஏழரை வரணுமே.”

மாருத்தின் இறக்கை அகலம் 9 மீட்டர். 48ஆல் வகுத்தால் 187.5 மி.மீ. எங்கள் மேசையில் இருந்தது 184க்குக் கொஞ்சம் குறைவு. உடல் நீளம் 15.87 மீட்டர், அதாவது 330 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். வந்தது 324. அசல் பட்டறையே கொஞ்சம் தவறாகச் செய்திருக்கலாம், அப்படி நடப்பதுண்டு. ஆனால் நீளம், அகலம் இரண்டுமே ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்திருந்தன. அப்பா அதைத்தான் காட்டினார். “தப்பா செஞ்சா ஒரு பக்கம்தான் தப்பும். இது மொத்தமா சுருங்கியிருக்கு.”

இதற்கு இந்தப் பொழுதுபோக்கில் ரீகாஸ்ட் என்று பெயர். ஒருவர் ஓர் அசல் கிட்டை வாங்கி, அதன் பாகங்களையே மாதிரியாக வைத்து மேலே சிலிகோன் ஊற்றி மோல்டு எடுக்கிறார். அதில் ரெசின் ஊற்றி எத்தனை வேண்டுமோ அத்தனை எடுத்து விற்கிறார். சிலிகோனும் ரெசினும் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நல்ல பட்டறைகள் இதைக் கணக்கில் எடுத்து மாதிரியையே சற்றுப் பெரிதாகச் செய்கின்றன. நகல் எடுப்பவர் அதே பாகத்திலிருந்து மோல்டு எடுப்பதால் இன்னொரு முறை சுருங்குகிறது. நகலின் நகல் என்றால் இன்னும் மோசம். மாதக்கணக்கில் உட்கார்ந்து அளவெடுத்து, கையால் கோடு கீறி மாதிரி செய்தவருக்கு இதில் ஒரு பைசா கிடைக்காது. இத்தகைய பட்டறைகளில் பல ஒருவர், இருவர் நடத்துபவை.

பூனாவில் அசல் கிட் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம், அவருடைய ஒரு பக்க இறக்கையை மட்டும் அளந்து சொல்லச் சொன்னேன். அவருடையது என்னுடையதைவிட ஒன்றரை மி.மீ. நீளம். லேண்டிங் கியர் கால்கள் (சக்கரங்களைத் தாங்குபவை) அவருக்கு ஒயிட் மெட்டல் என்ற உலோகக் கலவையில் வந்திருந்தன, எனக்கு அதே கால்கள் ரெசினில். இது சின்ன விஷயம் இல்லை. முழு ரெசின் விமானம் கனமானது. ரெசின் கால்கள் அந்த எடையைச் சில மாதம் தாங்கி, வெயில் காலத்தில் மெல்ல வளைந்துவிடும். பட்டறைக்குப் படங்கள் அனுப்பினேன். தங்களுடையது இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து விமானத்தின் மேல் ஒட்டும் அச்சிட்ட சின்னங்கள், பற்றியும் சொல்ல வேண்டும். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவிக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளை வளையம் உண்டு. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரால் வெள்ளையை அச்சிட முடியாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். இந்த டீகால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வெள்ளை வளையம் வெறும் கண்ணாடிபோல இருந்தது. பச்சை, பழுப்பு உருமறைப்பின் மேல் ஒட்டினால் அந்த வளையமும் பச்சையாகவோ பழுப்பாகவோதான் தெரியும். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டேன். ஒரு நிமிடத்தில் காவி நிறம் கரைந்து தண்ணீரில் பரவியது.

விற்பனையாளர் முதலில் “ரெசின் என்றால் கொஞ்சம் குமிழ் இருக்கும் மேடம்” என்றார். அளவைச் சொன்னதும், “கழுவிவிட்டீர்கள், திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். நண்பரின் படங்களை அனுப்பியபின் பதிலே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், சைபர் மோசடி உதவி எண் 1930இலும் சொல்லியிருக்கிறேன். யூபிஐ ரசீது, உரையாடல், அளவெடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் பக்கம் பலமாக இருந்திருக்கும்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் பணம் போடுவதற்கு முன்பே கேளுங்கள்: ஒரு இறக்கையை எஃகு ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து, அன்றைய தேதி எழுதிய துண்டுக் காகிதத்தோடு ஒரு படம். லேண்டிங் கியரின் படம். டீகால் தாளைக் கறுப்புத் துணிமேல் வைத்த படம். அசல் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. விளம்பரப் படத்தைக் கூகுளில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். நான் பிறகு போட்டுப் பார்த்தேன், அது யாரோ வெளிநாட்டு மாடலர் சில வருடம் முன்பு தன் கிட்டைப் பற்றி எழுதியபோது எடுத்த படம். ஏற்கெனவே ஏமாந்து ரீகாஸ்ட் கையில் இருந்தால், பிசுபிசுப்பான பாகங்களைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எந்த ரெசினையும் நீரில் நனைத்தே உப்புத்தாள் போடுங்கள், என்95 முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்பா அந்தப் பாகங்களைத் தூக்கிப்போட விடவில்லை. சுருங்கியதானாலும் ரம்பம் பிடிக்க, குமிழ் அடைக்கப் பழகலாம் என்று ஒரு டப்பாவில் போட்டுவைத்திருக்கிறார். பட்டறை அடுத்த தொகுப்பு வார்க்கும்போது சொல்வதாக எழுதியிருக்கிறது, என் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன்.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் மறுபடி வந்தது, இப்போது விலை 16,000. படத்தில் பாகங்களுக்கு அடியில் நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு தெரிந்தால், அது அந்த வெளிநாட்டு மாடலரின் வீட்டு மேசை. அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.