பைல் சர்வர் பேக்கப்: நாலு வருசத்தில் எதை எடுத்தோம், எதை விட்டோம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் பொறுப்பு. எல்லோரும் பைல் போட்டு வைக்கும் சர்வரில் 3 டிபி கிடந்தது, பேக்கப், அதாவது மாற்றுக் காப்பி எடுக்கக் கையில் இருந்தது 2 டிபி டிஸ்க். இன்னொன்று கேட்டதற்கு, "முக்கியமானத மட்டும் எடுத்து வைங்க தம்பி, போதும்" என்றார் முதலாளி. எது முக்கியம் என்று கேட்டால் ஒவ்வொரு செக்சனும் தன்னுடையதுதான் என்றது.

எடுக்க வேண்டிய போல்டர்களைப் பட்டியல் போட்டேன். டேலி (கணக்கு சாப்ட்வேர்), ஆர்டர் போல்டர்கள், பேட்டர்ன் (துணியை வெட்டும் வடிவங்கள்), மார்க்கர் (அந்த வடிவங்களைத் துணியில் அடுக்கும் வரைபடம்), தைத்த பீஸ் கணக்கில் சம்பளம் போடும் பீஸ் ரேட் எக்செல். அந்த எக்செல் சில எம்பிதான், ஆனால் அதுதான் ரொம்ப முக்கியம். டெக் பேக் (எப்படித் தைக்க வேண்டும் என்ற விவரம்) போனால் ஆர்டர் கொடுத்த பையரின் மெயிலிலேயே மறுபடி கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கணக்கு இல்லையென்றால் டைலர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒன்றரை வருசம் நன்றாக ஓடியது. நடுவில் சாம்பிள் செக்சனில் யாரோ புதுசாக ஒரு போல்டர் போட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது, பட்டியலிலும் இல்லை. சர்வர் டிஸ்க் படுத்தபோது அஞ்சு மாத அளவுச் சீட்டுகள் போயின. பீஸை மேசையில் விரித்து, டேப் வைத்து மறுபடி அளந்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் பட்டியலைத் திருப்பிப் போட்டேன்: எல்லாம் வரட்டும், விட வேண்டியதை மட்டும் எழுதுவோம். விண்டோஸ் சர்வரோடு வரும் பைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜரில் பெரிய பைல்கள், டூப்ளிகேட் பைல்களுக்கு ரிப்போர்ட் எடுக்கலாம். பார்த்தால் பாதி இடம் ஐஎஸ்ஓ (சாப்ட்வேர் சிடிகளின் முழுக் காப்பி), பழைய பிசிகளின் காப்பி, சினிமா. சினிமாவை விலக்க எம்பி4 வீடியோ பைல்கள் மொத்தத்தையும் பேக்கப்பில் வராமல் தடுத்தேன். பையர் அனுப்பிய தையல் வீடியோக்களும் அதில் மாட்டின. அதிலிருந்து பைல் வகை பார்த்து விலக்குவதில்லை, போல்டர் பார்த்துத்தான். கடைசியாகத் திறந்த தேதியையும் நம்புவதில்லை. விண்டோஸ் பல சமயம் அதைப் புதுப்பிப்பதே இல்லை. ரிபீட் ஆர்டர் வந்தால் ரெண்டு வருசம் தொடாத மார்க்கர்தான் முதலில் வேண்டும்.

டேலி மட்டும் தனி. திறந்திருக்கும்போது போல்டரைக் காப்பி அடித்தால் அரைகுறையாக வரலாம். அதனால் டேலியின் சொந்த பேக்கப்பில் எடுத்த பைலைச் சேர்க்கிறோம். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய வருசங்களும் கூடவே வருகின்றன.

இப்போது மொத்தம் 1.4 டிபி. பேக்கப் ஆகாத 'தற்காலிகம்' போல்டர் பற்றி எல்லோரிடமும் சொல்லியாயிற்று. போன வாரம் அதில் ஒரு மார்க்கர் கிடந்தது. "அவசரத்துல போட்டுட்டனுங்க" என்றார் கட்டிங் அண்ணன்.